காலி டம்ளர் டீ

"எவ்வளவு அழகா அடுக்குறான் பாருங்க மேடம்!"

சிகிச்சைக்காக என்னிடம் வந்த, பாபநாசம் பக்கத்துக் கிராமத்துப் பையன், நாலு வயது. அம்மா காட்டிய வீடியோவில் அடுப்பு, சட்டி, கரண்டி, குடம் என்று சொப்புச் சாமான் அத்தனையும் சுவரோரம் ஒரே கோட்டில் நின்றது. ஒன்று கொஞ்சம் விலகினாலும் திருத்தி வைக்கிறான். அடுப்பின் மேல் சட்டி ஒரு தடவைகூட ஏறவில்லை என்பதை நான் சொன்ன பிறகுதான் அவர் கவனித்தார்.

பொதுவாக ஒன்றரை வயதையொட்டி ஒரு பிள்ளை காலி டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சிக் காட்டும். இரண்டு வயதில் மரப்பாச்சிக்குச் சோறூட்டும். அப்புறம் கொட்டாங்குச்சியில் மண் இட்லி வேகும், பூவரச இலை ரூபாய் நோட்டாகும். மூன்றைத் தாண்டினால் "நான்தான் டாக்டர், கையை நீட்டு" என்று ஆளே மாறிவிடும். மாதக்கணக்கு முன்பின் இருக்கலாம், கவலையில்லை.

இதைத்தான் பாவனை விளையாட்டு என்கிறோம். உளவியலாளர் ஆலன் லெஸ்லி 1987-இல் இதற்கு மூன்று வடிவங்கள் சொன்னார்: ஒரு பொருளை வேறொன்றாக வைத்துக்கொள்வது, இல்லாத தன்மையை ஏற்றிச் சொல்வது (பொம்மைக்குக் காய்ச்சல்), இல்லவே இல்லாததை இருப்பதாக நடிப்பது. வாழைப்பழத்தைக் காதில் வைத்து "அலோ" என்கிற பிள்ளைக்கு அது பழம் என்றும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்திருக்கிறதே, அதுதான் விஷயம். பேச்சு வளர்வதற்கும் அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்வதற்கும் இதோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

ஆடிப்பெருக்கு அன்று நம் தெருக்களில் பிள்ளைகள் சின்னச் சப்பரம் இழுப்பார்களே, அதில் நன்றாகத் தெரியும். ஒரு பிள்ளை வாசலுக்கு வாசல் நிறுத்தி, இல்லாத தீபத்தைக் காட்டி, "ஒத்து, ஒத்து, சாமி வருது" என்று கூட்டத்தை விலக்கும். இன்னொன்று சக்கரம் சுற்றுவதை மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே போகும்.

இரண்டாவது பிள்ளையைப் பார்த்ததும் ஆட்டிசம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் கேள்வித்தாளில் பாவனை விளையாட்டுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, ஆனால் அது பல கேள்விகளில் ஒன்று. காது சரியாகக் கேட்காததாலும் இருக்கலாம், பேச்சுத் தாமதமாகவும் இருக்கலாம். கூட விளையாட ஆளில்லாமல் கைபேசியோடு விடப்பட்ட பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள்.

அந்தப் பையனின் வரிசையை நான் கலைக்கவில்லை. அது அவனுடைய விளையாட்டு, அதை நிறுத்துவது என் வேலையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அடுக்கினேன். மூன்றாவது தடவை வந்தபோதுதான் என் டம்ளரை அவன் வரிசையில் சேர்த்துக்கொண்டான்.

சொப்பை விட்டுவிட்டு வீட்டு டம்ளரையே கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பழகிய நிஜப் பொருளில் தொடங்குவதுதான் சுலபம். காலி டம்ளரை உறிஞ்சி "ஸ்ஸ்... சுடுது" என்றேன். என் கையை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தான். கவிழ்த்தான். பொய் சொல்கிற ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான்! அதனால் அடுத்த முறை அடியில் ஒரு வாய் டீ இருந்தது. பிறகு ஒரு ஸ்பூன், பிறகு ஈரம் மட்டும், கடைசியில் காய்ந்த டம்ளர்.

ஒரு நாள் தாத்தா கூட வந்தார். டீக்கடை நடத்தியவர். ஆறு டம்ளர் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும், "இது நம்ம கடைல்ல?" என்று காலிச் செம்பை எடுத்துக் கையை உயர்த்தி, "சர்ர்ர்" என்று ஆற்றி, ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே வந்தார். பையன் செம்பையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தான். நாலாவது முடிந்ததும் ஐந்தாவது டம்ளரை அவனே முன்னால் தள்ளினான். நான் போட்டு வைத்திருந்த திட்டத்தில் இது இல்லவே இல்லை.

வீட்டில் செய்கிறவர்களுக்கு: "இது என்ன? இது என்ன கலர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் விளையாட்டு பரீட்சையாகிவிடும். கேட்காதீர்கள், செய்துகாட்டிச் சொல்லுங்கள்: "பாப்பாவுக்குப் பசிக்குது, சோறு ஊட்டுறேன்." அவன் செய்வதற்கு ஒரே ஒரு படி மேலே போனால் போதும். பட்டனை அமுக்கினால் தானே பாடுகிற பொம்மைக்குக் காசைக் கொட்ட வேண்டாம், அதில் பிள்ளைக்கு வேலையே இல்லை. தினம் பத்து நிமிடம், டிவியை அணைத்துவிட்டு, தரையில் உட்காருங்கள்.

சந்தேகம் இருந்தால் முதலில் காது பரிசோதனை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் (வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரமே கண்டு உதவுகிற இடங்கள்) இருக்கின்றன, 18 வயது வரை பார்ப்பார்கள். அரசு மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

போன மாதம் தாத்தா ஒரு புகாரோடு வந்தார். பேரன் இப்போது அவருக்கே டீ ஆற்றித் தருகிறான். குடித்து முடித்ததும் கை நீட்டிக் காசு கேட்கிறானாம். பூவரச இலையைக் கொடுத்தால் தூக்கி எறிகிறான், நிஜப் பத்து ரூபாய்தான் வேண்டுமாம். அடுத்த மாதம் முழுக்க அந்த இலையோடுதான் எங்களுக்கு வேலை.