மகளிடம் மட்டும் கேட்காதீர்கள்

மறதி நோய் (டிமென்ஷியா) பற்றி ஆய்வு செய்ய வீட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் படிவத்தை மகளிடம்தான் நீட்டுகிறார்கள். பக்கத்துக் கதிரையில் இருக்கும் நோயுள்ள அம்மாவிடம் ஒரு கேள்வியும் போவதில்லை. மகள் சொல்வது உண்மைதான். ஆனால் அது பராமரிப்பவரின் உண்மை.

டிமென்ஷியாவின் தொடக்கக் கட்டத்திலும், நடுக் கட்டத்திலும்கூட, தனக்கு எது கஷ்டம் என்று பலரால் சொல்ல முடியும். வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அவர் இரவில் எழும்பித் திரிவதுதான் வீட்டாருக்குப் பெரிய பிரச்சினை. அவரிடமே கேட்டபோது காலி வீதி என்ற பெருந்தெருவின் இரைச்சலைச் சொன்னார். அதற்குள் யார் என்ன பேசுகிறார்கள் என்று விளங்குவதில்லையாம், அதனால் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டாராம். இரவு நடமாட்டத்தை மட்டும் எண்ணும் ஆய்வுக்கு இது எப்படித் தெரியவரும்?

கேள்வித்தாளையே பாருங்கள். ஞாபகத்தையும் சிந்தனையையும் அளக்க உலகெங்கும் பயன்படும் எம்.எம்.எஸ்.இ. சோதனை 1975இல் அமெரிக்காவில் உருவானது. இப்போது என்ன பருவகாலம் என்று அதில் ஒரு கேள்வி. கோடை, குளிர் என்று நான்கு பருவம் இல்லாத கொழும்பில் நல்ல ஞாபகம் உள்ளவரும் அதற்குத் தடுமாறுவார். கேள்விகளைத் தமிழாக்கும் மேசையில் நோயோடு வாழ்பவர்களும் இருந்தால் இப்படியானவை அங்கேயே பிடிபடும்.

ஸ்கொட்லாந்தில் நோயுள்ளவர்களே நடத்தும் செயற்குழு 2002இலேயே உருவாகிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்றது. சம்பந்தப்பட்டவர்களையே கலந்தாலோசிக்க வேண்டும் என்பது அதில் உள்ள கடமை.

ஞாபகம் தவறுகிறவர் ஆய்வில் எப்படிப் பங்காளியாவார் என்று கேட்பார்கள். சந்திப்பை அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் வையுங்கள். பலருக்கு அது காலை. தமிழா, சிங்களமா, ஆங்கிலமா என்று அவரிடமே கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு கேள்வி போதும். ஆட்டோக் காசை ஆய்வுச் செலவில் சேருங்கள். முக்கியமாக, சம்மதத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும். போன கிழமை வைத்த கையெழுத்து இன்றைக்குச் செல்லாது. முகம் சுளித்தாலோ, எழும்பப் பார்த்தாலோ, அது மறுப்பு. அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு ஆய்வாளர் வந்தால் இரண்டு விஷயம் கேளுங்கள்: இந்தக் கேள்விகளை எழுதும்போது நோயுள்ள யாரிடமாவது கேட்டீர்களா? முடிவுகளை அம்மாவுக்கு விளங்கும்படி வந்து சொல்வீர்களா?