கடவுச்சொல் காற்றில் பறப்பதே இல்லை

பினாங்கு கெளுகோரில் அடுக்குமாடியில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “சார், எங்கள் வீட்டு வைஃபை பக்கத்து புளோக் வரைக்கும் எட்டுகிறது. கைப்பேசியில் பாஸ்வர்டைப் போட்டால் அது காற்றில்தானே மோடத்துக்குப் போகிறது? நடுவில் யாரும் பிடித்துவிட மாட்டார்களா?”

அவருடைய பயத்தில் பாதி சரி. ரேடியோ அலை சுவரைத் தாண்டும். மாடிப்படியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவர், உங்கள் மோடமும் கைப்பேசியும் பேசிக்கொள்வதையெல்லாம் பதிவு செய்துகொள்ளலாம். அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அந்தப் பதிவில் பாஸ்வர்டு இருக்காது. அது ஒருமுறைகூடக் காற்றில் போவதில்லை. சொல்லாமலே ‘எனக்குத் தெரியும்’ என்று நிரூபிக்கிற இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது.

1997-இல் வந்த முதல் பூட்டு டபிள்யூஇபி. ஃப்ளூரர், மான்டின், ஷமிர் என்ற மூவர் 2001-இல் அதன் அடித்தளத்தையே ஆட்டிவிட்டார்கள். அதை விட்டுவிடுவோம். இன்று நிறைய வீடுகளில் இருப்பது 2004-இல் வந்த டபிள்யூபிஏ2.

நீங்கள் பாஸ்வர்டைத் தட்டியதும் கைப்பேசி அதோடு வைஃபையின் பெயரையும் சேர்த்து, எஸ்எச்ஏ-1 என்ற கணக்கில் 4,096 சுற்று அரைக்கிறது. அம்மியில் அரைத்த விழுதிலிருந்து மிளகாயைத் திரும்ப எடுக்க முடியாதல்லவா? அதேபோல, கடைசியில் வரும் 256 பிட் எண்ணை வைத்துப் பாஸ்வர்டுக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. மோடமும் தன் பக்கம் இதையே செய்து அதே எண்ணை வைத்திருக்கிறது. இந்த எண்ணும் வெளியே போகாது.

இனி நான்கே மடல்கள். முதல் மடலில் மோடம், அந்த நேரத்துக்கென்று உருவாக்கிய ஒரு குருட்டாம்போக்கு எண்ணை எல்லாருக்கும் தெரியும்படியே அனுப்புகிறது. கைப்பேசி தானும் அப்படியொரு எண்ணை உருவாக்குகிறது. இந்த இரண்டு எண்கள், இரண்டு கருவிகளின் முகவரிகள், அரைத்து வைத்த ரகசிய எண் ஆகிய எல்லாவற்றையும் கலந்தால், அந்த இணைப்புக்கு மட்டும் செல்லும் புது சாவி பிறக்கிறது. இரண்டாம் மடலில் கைப்பேசி தன் எண்ணை அனுப்பும்போது, அந்தச் சாவியால் கணக்கிட்ட ஒரு முத்திரையையும் ஒட்டுகிறது. மோடம் அதே கலவையைத் தானும் செய்து, முத்திரை பொருந்துகிறதா என்று பார்க்கிறது. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் முத்திரை அடியோடு மாறிவிடும்.

மூன்றாவது மடல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் மோடமும் தன் முத்திரையைக் காட்டியாக வேண்டும். உங்கள் வைஃபையின் பெயரையே வைத்து யாராவது போலி ஒன்றைத் திறந்தால், பாஸ்வர்டு தெரியாத அந்தப் போலி இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும், கைப்பேசி விலகிவிடும். நான்காவது மடல் ‘சரி, ஆரம்பிக்கலாம்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில்!

அப்படியானால் ஓட்டை எங்கே? மாடிப்படிக்காரரிடம் இரண்டு எண்களும் முகவரிகளும் முத்திரையும் இருக்கின்றன. அவர் வீட்டுக்குப் போய், ஒவ்வொரு பாஸ்வர்டாக ஊகித்து, அரைத்து, கலந்து, முத்திரை பொருந்துகிறதா என்று சாவகாசமாகச் சோதிக்கலாம். உங்கள் மோடத்துக்கு அது தெரியவே தெரியாது.

நம்மில் பலர் கைப்பேசி எண்ணையே பாஸ்வர்டாக வைக்கிறோம். 01-இல் தொடங்கும் பத்து இலக்க எண் என்றால் மாறக்கூடியவை எட்டு இலக்கங்கள், அதாவது மொத்தம் 10 கோடி வாய்ப்புகள். நொடிக்கு 4 லட்சம் ஊகங்களைச் சோதிப்பது நல்ல கேமிங் கணினி ஒன்றுக்குப் பெரிய வேலையல்ல. 250 நொடியில் எல்லாம் முடிந்துவிடும்.

எண் கணித நம்பிக்கை இதை இன்னும் மோசமாக்குகிறது. எட்டு இலக்கப் பாஸ்வர்டை, கூட்டினால் 5 வரவேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அப்படி அமையும் எண்கள் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான். உங்கள் ராசி எண்ணைத் தெரிந்தவருக்கு 10 கோடி, 1 கோடியே 11 லட்சமாகச் சுருங்கும். அரை நிமிட வேலை. நம்பிக்கை அவரவர் விருப்பம், ஆனால் அதைப் பூட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

2018-இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையை அடைக்கிறது. அதில் ஒவ்வொரு ஊகத்துக்கும் மோடத்தோடு நேரடியாகப் பேசித்தான் ஆகவேண்டும். பதிவை வீட்டுக்குக் கொண்டுபோவதில் பயனில்லை. அதிலும் 2019-இல் மேத்தி வான்ஹூஃப், எயால் ரோனன் என்ற ஆய்வாளர்கள் குறைகளைக் கண்டுபிடித்தார்கள், திருத்தங்கள் வந்தன. டபிள்யூபிஏ2-இல் மூன்றாம் மடலை மறுபடி அனுப்பிப் பழைய சாவியையே திரும்பப் போடவைக்கலாம் என்று 2017-இல் காட்டியவரும் இதே வான்ஹூஃப்தான். பெல்ஜியத்தில் பல்கலைக்கழகச் சம்பளத்தில் உட்கார்ந்து பூட்டை உடைத்துப் பார்த்தவர் அவர். நம் பினாங்கின் பாயான் லெப்பாசில் 1972-லிருந்து இன்டெல் ஆலை இருக்கிறது. சிப்புகளைப் பொருத்தவும் சோதிக்கவும் நம் பிள்ளைகளுக்குக் கைவந்திருக்கிறது. உடைத்துப் பார்க்கிற ஆய்வுக்கும் நம் பல்கலைக்கழகங்களில் நீண்டகால நிதி ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வாசகிக்கு: மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கருவிகள் அதில் சேர மறுத்தால் டபிள்யூபிஏ2-வும் அதுவும் கலந்த முறை இருக்கும். ஆனால் அந்தப் பழைய கருவிகளுக்கு மேலே சொன்ன ஓட்டை அப்படியே இருக்கும். பாஸ்வர்டைத் தட்டாமலே எட்டு இலக்க எண்ணால் கருவியைச் சேர்க்க உதவும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை மோடம் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிகளே போதும் என்று 2011-இலேயே தெரிந்துவிட்டது. வைஃபையின் பெயரை மறைப்பதில் பலனில்லை. தொழிற்சாலை வைத்த பெயரை மாற்றுவதில் பலன் உண்டு, ஏனென்றால் அந்தப் பெயரும் சேர்ந்துதான் அரைபடுகிறது. பாஸ்வர்டுக்கு, 7,776 சொற்கள் உள்ள ஒரு பட்டியலிலிருந்து ஆறு பக்கத் தாயக்கட்டையை உருட்டி ஐந்து சொற்களை எடுங்கள். அதே கேமிங் கணினி அத்தனை வாய்ப்புகளையும் சோதித்து முடிக்க 22 லட்சம் ஆண்டுகள் ஆகும்.