தானாக அணையாத இண்டிகேட்டர்

தேவிபட்டினம் தாண்டித் தொண்டிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், வலது இண்டிகேட்டர் மின்ன மின்ன நேராகவே போய்க்கொண்டிருக்கும் பைக் ஒன்றாவது கண்ணில் படும். திரும்பப் போகிறாரா, அணைக்க மறந்துவிட்டாரா? பின்னால் வருகிறவருக்கு முந்தவும் பயம், பின்னாலேயே ஊரவும் எரிச்சல்.

கார்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். காரின் ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்து ஒரு சின்ன மேடு சுழலும். வளைவில் திரும்பிவிட்டு ஸ்டியரிங்கை நேராக்கும்போது, அந்த மேடு ஒரு கொக்கியை இடித்து இண்டிகேட்டர் லீவரைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். உச்சிப்புளியில் ஒரு தெருவுக்குள் திரும்பினால் இது கச்சிதமாக நடக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் லாரியை முந்த ஸ்டியரிங்கை விரலளவு அசைத்தால் போதுமே! மேடு கொக்கியைத் தொடுவதே இல்லை. இண்டிகேட்டர் மின்னிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான பைக்குகளில் இந்த ஏற்பாடே கிடையாது. கட்டைவிரல்தான் அணைக்க வேண்டும்.

அணைக்க மறப்பது ஒரு பக்கம். போட்ட உடனே திரும்புவது அதைவிட மோசம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 22 மீட்டர். பின்னால் வருகிறவர் விளக்கைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனாலும் 33 மீட்டர் போய்விடும். இண்டிகேட்டரோ நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைதான் மின்னும். முதலில் கண்ணாடியைப் பார்த்து, அப்புறம் இண்டிகேட்டர் போட்டு, நான்கைந்து முறை மின்னிய பிறகு மறுபடி ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்துவிட்டு விலகினால் அவருக்கும் நேரம் கிடைக்கும்.

நம்ம ஊர் லாரிகளில் வலது இண்டிகேட்டருக்கு இரண்டு அர்த்தம் உண்டு: 'திரும்பப் போகிறேன்', 'எதிரே வண்டி இல்லை, முந்திக்கோ'. இரண்டாவதை நம்பி நான் முந்துவதில்லை. மழையில் நாலு விளக்கையும் போட்டுக்கொண்டு ஓட்டுவது இன்னொரு கூத்து. நான்கும் மின்னும்போது எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று எப்படிச் சொல்வது? அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு.

சரி, அந்த 'டிக் டிக்' சத்தம்? இண்டிகேட்டரை மின்ன வைக்கும் பழைய ரிலேயில் இரட்டை உலோகத் தகடு ஒன்று மின்சாரத்தில் சூடேறி வளையும், இணைப்பு விடும். ஆறியதும் திரும்ப ஒட்டும். இப்போது அந்த வேலையை மின்னணுச் சுற்று செய்கிறது. முன்னும் பின்னும் 21 வாட் பல்பு என்றால் 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் ஓடும். ஒரு பல்பு போனால் மின்னோட்டம் பாதியாகும். சுற்று அதைக் கண்டுபிடித்து வேகமாக மின்ன வைக்கும். ஓட்டுநருக்கான எச்சரிக்கை அது.

மண்டபம் ஊரில் ஒருநாள் என் காரிலும் டிக் டிக் வேகமெடுத்தது. புதுப் பல்பு மாட்டியும் அடங்கவில்லை. மெக்கானிக் அண்ணன் ஹோல்டரைக் கழற்றிக் காட்டினார்: எர்த் வயர் நுனியில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று அரித்து, மின்தடை ஏறி, பல்புக்குப் போதிய மின்சாரமே போகவில்லை. "உப்பு பிடிச்சதுக்கு உப்புத்தாள்தான் சார்" என்று நாலு தேய் தேய்த்து, வாசலின் தடவி மாட்டினார். சத்தம் பழைய நிதானத்துக்கு வந்தது.