பேட்டரி மாற்றத் தெரிந்தவர் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார்

கோவையில் பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் சிஎன்சி மெஷின் ஒன்று மூன்று நாள் நின்றுபோனது. கண்ட்ரோலர் பேட்டரி தீரப்போகிறது என்று திரையில் எச்சரிக்கை வந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் ஷாக் அடித்துவிடக் கூடாதே என்று மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றினான். அந்த மெஷினின் பாராமீட்டர்களை, அதாவது அது இயங்குவதற்கான அமைப்பு எண்களை, அழியாமல் காப்பதே அந்தப் பேட்டரிதான். மெஷின் ஆனில் இருக்கும்போதே அதை மாற்ற வேண்டும். அணைத்துவிட்டுக் கழற்றியதில் எல்லாம் அழிந்துவிட்டது. பேக்கப் எடுத்து வைத்திருந்த பென் டிரைவ் எங்கே என்றும் யாருக்கும் தெரியவில்லை.

பையனைத் திட்டினார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. பல வருடங்களாக அந்தப் பேட்டரியை மாற்றிவந்த மெயின்டனன்ஸ் அண்ணன் அதற்கு முந்தைய மாதம்தான் சால்வை போர்த்தி வழியனுப்பப்பட்டார். அவரிடம் யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இப்படி ஆட்களின் தலைக்குள் இருக்கும் அனுபவத்தைத் திரட்டி எல்லோருக்கும் கிடைக்கச் செய்வதற்குப் பெயர் அறிவு மேலாண்மை. அப்படிச் சொன்னதும் முதலாளிகள் பலர் அது ஐடி கம்பெனிகளின் சமாச்சாரம் என்கிறார்கள். ஆனால் ஜெராக்ஸ் நிறுவனத்தில் அது வளர்ந்தது ரிப்பேர் செய்பவர்களிடம்தான். 1990-களில் அவர்களுக்காக ‘யுரேகா’ என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். கையேட்டில் இல்லாத பழுதைச் சரிசெய்தவர் அதை ஒரு குறிப்பாக எழுதுவார். அனுபவசாலிகள் சரிபார்த்த பிறகு அது எல்லோருக்கும் கிடைக்கும். குறிப்புக்குப் பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, எழுதியவர் பெயரைப் போட்டால் போதும் என்றே முடிவானது. காசு என்றால் எண்ணிக்கைக்காக எழுதுவார்கள், பெயர் என்றால் பார்த்து எழுதுவார்கள்.

இந்தப் பெயர் விஷயம் நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும். ‘எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அப்புறம் என்னை எதற்கு வைத்திருப்பார்கள்?’ என்ற பயம் மூத்த தொழிலாளிகளிடம் உண்டு. அது நியாயமான பயம். குறிப்பு எழுதியவரை வேலையை விட்டு எடுக்க மாட்டோம் என்று முதலாளி வாய்விட்டுச் சொல்லாமல் எந்த சாஃப்ட்வேர் வாங்கியும் பயனில்லை.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் மார்ச்சில் போட்ட வாய்ஸ் மெசேஜை நவம்பரில் எப்படித் தேடுவது? குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய பேச்சு முழுவதும் தெரியாது. அந்தப் பட்டறையில் நாங்கள் தொடங்கியது ஒரு கூகுள் ஷீட்தான். எந்த மெஷின், என்ன தொல்லை, என்ன காரணம், எப்படிச் சரியானது, யார் சொன்னது. ஐந்தே கட்டங்கள். எழுத வராதவர்கள் பேசினார்கள். ஸ்டோர்ஸ் அக்கா டைப் செய்தார். மெஷின் கதவில் ஒரு கியூஆர் கோடு.

லாபம் முதலில் தெரிந்தது ரிப்பேரில் அல்ல, வார்ப்பில். ஒரு பாகத்தில் மழைக்காலம் வந்தால் ப்ளோ ஹோல் (உலோகத்துக்குள் வாயு சிக்கி உண்டாகும் ஓட்டை) வந்து ரிஜெக்ட் ஆகிக்கொண்டே இருந்தது. வார்ப்பு அச்சு செய்யும் மணலின் ஈரம்தான் காரணம் என்று முந்தைய மழைக்காலத்திலேயே ஒருவர் கண்டுபிடித்திருந்தார். இந்த முறை அவருடைய குறிப்பைப் பார்த்து முதல் நாளே ஈரத்தைச் சோதித்தார்கள். கேள்வி கேட்கக் கூச்சப்படும் புது ஆட்களும் முதலில் ஷீட்டைத் தேடிப் பார்க்கிறார்கள். வாடிக்கையாளர் புகார் வந்தால் பழைய பதில் கையில் இருக்கிறது.

ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் 2015 பதிப்பின் 7.1.6 பிரிவை எடுத்துப் பாருங்கள். நிறுவனத்துக்குத் தேவையான அறிவைக் கண்டறிந்து பேண வேண்டும் என்றுதான் அது கேட்கிறது. ஆடிட் வரும்போது மட்டும் திறக்கும் ஃபைலாக அதை வைத்திருப்பது வருத்தமாக இருக்கிறது.

உங்கள் பட்டறையில் இந்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர் யார்? வாரம் ஒரு மணி நேரம் அவருக்கு மெஷின் வேலை கொடுக்காமல், ஒரு இளைஞனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச விடுங்கள். நாங்கள் அந்த அண்ணனை வீட்டுக்குப் போய் அழைத்துவந்தோம். இரண்டு சனிக்கிழமைகளில் நாற்பத்தொரு குறிப்புகள் சொன்னார். முதல் குறிப்பு பேட்டரி பற்றியது.