குமிழியையும் நிறம் என்றே எண்ணும் கருவி

கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் வெர்மான்ட்டிலும் குளிர் விடைபெறும் நாட்களில் மேப்பிள் மரத்தில் துளையிட்டு இனிப்பு நீர் இறக்குவார்கள். ஏறக்குறைய 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு தேறும். பருவத் தொடக்கத்தில் அது பொன்னிறமாக இருக்கும். வெயில் ஏற ஏற நுண்ணுயிர்கள் நீரிலுள்ள சர்க்கரையை உடைத்துவிடுவதால், காய்ச்சும்போது பாகு கறுத்துப்போகும்.

இந்த நிறத்தை வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாகு வழியே 560 நானோமீட்டர் அலைநீள ஒளியைச் செலுத்தி, எத்தனை சதவீதம் மறுபக்கம் வருகிறது என்று ஒளிமானியில் பார்ப்பார்கள். 75-ம் அதற்கு மேலும் வந்தால் பொன்னிறம், அதற்குக் கீழே 50 வரை அம்பர் (தேன் நிறம்), அதற்குக் கீழே 25 வரை அடர்நிறம், அதற்கும் கீழே மிக அடர்நிறம். ஏன் 560? பழுப்பு நிறப் பொருள்கள் நீல ஒளியை வாரி விழுங்கும். சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். நடுவிலுள்ள இந்தப் பச்சை ஒளியில்தான் தரங்களுக்கிடையே இடைவெளி நன்றாகத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், ஒளிமானிக்கு நிறம் தெரியாது. வந்து சேர்ந்த ஒளியை மட்டுமே அது எண்ணும். வழியில் எது மறித்தாலும், குமிழியோ கைரேகையோ, அதன் கணக்கில் எல்லாம் கறுப்புதான்.

முதலில் 100 சதவீதக் குறி வைப்பதைப் பார்ப்போம், அதாவது எதை ஊற்றினால் முழு ஒளியும் வந்ததாகக் கருவி எண்ண வேண்டும் என்பதை. தண்ணீரை ஊற்றிக் குறி வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் அளக்கும் குப்பியின் கண்ணாடியும் திரவமும் சந்திக்கும் இடத்தில் கொஞ்சம் ஒளி திரும்பிவிடுகிறது. இரண்டின் ஒளிவிலகல் எண்களும் (ஒளியை எவ்வளவு வளைக்கின்றன என்று சொல்பவை) எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவு இழப்பு. தண்ணீருக்கு 1.33, பாகுக்கு ஏறக்குறைய 1.46, கிளிசரினுக்கு 1.47, கண்ணாடிக்கு 1.5-ஐ ஒட்டி. தண்ணீரை 100 என்று வைத்தால் பாகுக்கு கிட்டத்தட்ட முக்கால் சதவீதம் இலவசமாகக் கிடைத்துவிடும். 74.5 வரவேண்டிய பாகு பொன்னிறமாகிவிடும்! அதனால்தான் கிளிசரினை ஊற்றிக் குறி வைக்கிறார்கள். அதுவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் மூடியைத் திறந்துபோடக் கூடாது.

அப்புறம் கலங்கல். காய்ச்சும்போது கால்சியம் மாலேட் போன்ற உப்புகள் மணல்போலத் திரளும். நன்றாக வடிகட்டாத பாகில் இந்தத் துகள்கள் ஒளியைச் சிதறடித்து, பொன்னிறப் பாகையும் அம்பராகக் காட்டும். கண்ணால் பார்த்தாலே மங்கலாகத் தெரிகிற பாகை அளப்பது வீண்வேலை.

குப்பியில் ஊற்றுவதற்கும் பொறுமை வேண்டும். சரிவாகப் பிடித்து, சுவரோடு மெல்ல வழியவிடுங்கள். பாகு கெட்டி, உள்ளே மாட்டிய குமிழி சீக்கிரம் மேலே ஏறாது. சூட்டோடு அளந்தால் உள்ளே வெப்ப ஓட்டங்கள் ஒளியை அலைக்கழிக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் குப்பியின் வெளிப்புறம் வியர்க்கும். அறை வெப்பநிலைக்கு வரட்டும். குப்பியை மேல் விளிம்பில் பிடித்து, ஒளி போகும் இரு முகங்களையும் மென்துணியால் துடைத்து, எப்போதும் ஒரே முகத்தை ஒரே பக்கமாக வையுங்கள். கீறல் விழுந்த குப்பியைத் தூக்கிப்போட மனசு வராது, ஆனாலும் போட்டுவிடுங்கள்.

இத்தனை கவனத்தோடு 76 வந்தாலும் உடனே பொன்னிற லேபிளை ஒட்டிவிட முடியாது. பாட்டிலில் அடைக்க மறுபடி 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் பாகு இன்னும் சற்றுக் கறுக்கும். அடைத்த பாட்டிலில் ஒன்றைத் திறந்து, ஆறவைத்து, இன்னொரு முறை அளந்து பார்க்க வேண்டியதுதான்.