ஐம்பதில் வரும்போது பிரேக் எங்கே பிடிக்கும்?

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் திருகோணமலையில் ஒரு பள்ளி வாசலில் நின்று பாருங்கள். ஓட்டோ, வேன், அப்பாமாரின் மோட்டார் சைக்கிள், எல்லாவற்றுக்கும் நடுவே வெள்ளை உடுப்புகள். போன கிழமை நான் நின்றபோது ஒரு சின்னவளின் தண்ணிப் போத்தல் கை நழுவி ரோட்டுக்கு உருண்டது. அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, போத்தலைத்தான் பார்த்தாள், அதன் பின்னாலேயே ஓடினாள். வந்த கார் மெதுவாக வந்ததால் நின்றது. அது கொஞ்சம் வேகமாக வந்திருந்தால்? வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன், வயிறு கலங்கியது.

கண் கண்டு, மூளை விளங்கி, கால் பிரேக்கில் அழுந்துவதற்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடி போகும். அதுவரை வண்டி வந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கு 30 கிலோமீற்றரில் வந்தால் அந்த நேரத்தில் 12 மீற்றருக்குச் சற்று மேல் போய்விடும், பிரேக் பிடித்தபின் இன்னும் 5 மீற்றர், மொத்தம் 18-க்குள் நின்றுவிடலாம். 50-இல் வந்தால்? பிரேக்கில் கால் படும் முன்னரே 21 மீற்றர் ஓடியிருக்கும். அதாவது 18 மீற்றர் தூரத்தில் பிள்ளை குறுக்கே வந்தால், 30-இல் வந்தவர் நின்றுவிடுவார், 50-இல் வந்தவர் வேகம் ஒரு துளியும் குறையாமல் மோதுவார். அந்த மோதல் மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இதெல்லாம் நல்ல டயர், காய்ந்த ரோட்டுக்கான கணக்கு. மார்கழி மழையிலோ, கடற்கரைப் பக்கம் மணல் படிந்த தார் ரோட்டிலோ பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் இன்னும் நீளும்.

நகருக்குள் காருக்குச் சட்டம் 50 வரை இடம் தருகிறதுதான். ஆனால் ஆட்களும் வாகனங்களும் கலந்து போகிற இடங்களில் 30-ஐத் தாண்டக்கூடாது என்று வீதிப் பாதுகாப்புக்கான உலக மாநாட்டின் 2020 ஸ்டொக்ஹோம் பிரகடனம் சொல்வது இந்தக் கணக்கால்தான்.

சரி, பிள்ளை பார்த்துக் கடக்கக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பார்த்தாலும் அதற்குத் தெரியாது என்பதுதான் விஷயம். எதிரே வரும் வண்டியின் உருவம் கண்ணில் எவ்வளவு விரைவாகப் பெருக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் வேகத்தை மூளை ஊகிக்கிறது. ஐந்து விநாடியில் நம்மை அடையப்போகும் வண்டி, 30-இல் வந்தால் இப்போது 42 மீற்றரில் இருக்கும், 60-இல் வந்தால் 83 மீற்றரில். தூரத்தில் இருப்பதால் வேகமான வண்டிதான் கண்ணுக்கு மெதுவாகப் பெருக்கும், அசையாமல் நிற்பதுபோலவே தோன்றும்! லண்டன் ரோயல் ஹொலோவே பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து பார்த்ததில், மணிக்கு சுமார் 32 கிலோமீற்றருக்கு மேல் வரும் வாகனத்தின் வேகத்தை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளால் சரியாகக் கணிக்க முடியவில்லை. மோட்டார் சைக்கிள் ஒடுங்கலான உருவம் என்பதால் அது பெருப்பது இன்னும் கண்ணுக்குப் படாது. இந்தக் குறை வளர வளரத்தான் தீரும், அதட்டிச் சொல்லித் தீராது.

அப்புறம், நிற்கிற பஸ். நம் ரோட்டில் பிள்ளைகள் இடப்பக்கமாக இறங்கி, பஸ்ஸின் மூக்கைச் சுற்றி வலப்பக்கம் வருவார்கள். ஆறு வயசுப் பிள்ளையின் தலை பஸ் கண்ணாடிக்குக் கீழே, ரைவருக்கே தெரியாது, முந்துகிற உங்களுக்கு எங்கே தெரியும்? பஸ்ஸுக்கும் உங்களுக்கும் இடைவெளி ஒரு மீற்றர் என்றால், ஓடிவரும் பிள்ளை அதை அரை விநாடிக்குள் தாண்டிவிடும். மேலே சொன்ன ஒன்றரை விநாடி அங்கே கிடைக்கவே கிடைக்காது. அந்த இடத்தில் முந்தாமல் பின்னாலேயே நின்றுவிடுங்கள்.

கோட்டைப் பக்கம் மான் கடக்கும்போது நாம் இதைச் சரியாகத்தான் செய்கிறோம். ஒன்று போனதும் உடனே முறுக்குவதில்லை, பின்னால் இன்னொன்று வரும் என்று பொறுத்து நிற்கிறோம். பஸ்ஸின் முன்னாலும் அக்கா கடந்து முடிந்த பிறகுதான் தம்பி ஓடிவருவான்.