ஹெட் கேஸ்கெட் போச்சு என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

பினாங்கில் பழைய காடி, அதாவது கார், வைத்திருக்கும் நம்மாட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீரா, சாகா, வாஜா, கஞ்சில், எதுவானாலும் சரி, பின்சீட்டுக்குக் கீழே ஒன்றரை லிட்டர் போத்தலில் பைப் தண்ணீர் உருண்டுகொண்டிருக்கும். ஏன் என்று கேட்டால், "காடி கொஞ்சம் தண்ணி குடிக்கும்ணே, காலைல ஊத்திட்டுப் போனா ஒண்ணும் ஆகாது" என்பார்கள். எஞ்சின் தண்ணீர் குடிக்காது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ஓடுவது மூடிய சுற்றுக்குள்; வாரத்துக்கு வாரம் குறைகிறது என்றால் அது எங்கேயோ வெளியே போகிறது, அல்லது எஞ்சினுக்குள்ளேயே இறங்குகிறது. இதைக் கண்டுகொள்ளாமல் மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டே ஓட்டுவது ஒரு ரகம். இன்னொரு ரகம், ஏதோ ஒரு பட்டறையில் போனட்டைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் "ஹெட் கேஸ்கெட் போச்சு, டாப் ஓவர்ஹால் பண்ணணும்" என்று சொல்ல, ஆதாரம் எதுவும் கேட்காமல் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு (ரிங்கிட்) சரி சொல்லிவிடுவது. ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சினின் அடிப்பகுதியான பிளாக்குக்கும் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு; டாப் ஓவர்ஹால் என்றால் ஹெட்டைக் கழற்றிச் செய்யும் பெரிய வேலை. என்னிடம் வருகிறவர்களில் இரண்டு ரகமும் உண்டு. இரண்டாவது ரகத்தைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் எரிச்சல் வரும், ஏனென்றால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி தேவையே இல்லாமல் போயிருக்கும்.

முதலில், கீழே சொட்டுவது கூலண்ட்தானா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலில் ஏர்கான் இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்? முன்பக்கம் இடது பயணியின் கால் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே சொட்டும் தெளிந்த தண்ணீர் பெரும்பாலும் ஏர்கான் தண்ணீர்தான். தொட்டால் வழுக்காது, வாசம் இருக்காது. கூலண்ட் விரலில் லேசாக வழுக்கும், இனிப்பான ஒரு வாடை அடிக்கும், காய்ந்த இடத்தில் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ தடம் விட்டிருக்கும். வெறும் பைப் தண்ணீரே ஊற்றி ஓட்டியவர்களுக்கு இந்த நிறம் எல்லாம் கிடையாது, துருப்பிடித்த பழுப்புக் கறைதான்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. பலரும் இதை வெறும் மூடி என்றே நினைக்கிறார்கள், ஆனால் சுற்றுக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். 0.9 என்றோ 1.1 என்றோ அதன்மேல் அச்சடித்திருக்கும். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 0.9 பார் அழுத்தத்தில் 118 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டால் அந்த அழுத்தம் நிற்காது. ஜாமில் நிற்கும்போது கொதித்து, ரிசர்வ் டேங்க் நிரம்பி வழியும், பார்ப்பவர் உடனே கேஸ்கெட் மேல் பழி போடுவார். மூடியில் இன்னொரு சின்ன வால்வும் உண்டு, எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலண்ட்டைத் திரும்ப இழுக்க விடுவதற்கு. அது அடைத்துக்கொண்டால், ஆறிய பிறகு மேல் ஹோஸ் உள்வாங்கிச் சப்பிப்போய்க் கிடக்கும். சில பத்து வெள்ளிச் சாமான். எதைச் சந்தேகிப்பதற்கும் முன் இதை மாற்றிப் பாருங்கள்.

வெளியே கசியும் இடங்கள் ஏராளம். பழைய ஹோஸ் கிளிப் கடிக்கும் இடத்தில் வெடித்திருக்கும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கும். கடற்கரைப் பக்கம் நிறுத்தி வைக்கும் கார்களில் உப்புக் காற்று ரேடியேட்டர் தகடுகளை அரித்து, விரல் பட்டாலே உதிரும் அளவுக்கு ஆக்கிவிடும். வாட்டர் பம்ப்பில் ஒரு சின்னத் துளை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும், அதை அடைத்து வைப்பது முட்டாள்தனம். பைப் தண்ணீர்க்காரர்களுக்கென்றே ஒரு கோளாறு இருக்கிறது: பிளாக்கில் அடித்திருக்கும் வட்ட இரும்பு மூடிகள், வெல்ஷ் பிளக் என்போம், உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். அதில் ஒன்றிரண்டு எஞ்சினுக்குப் பின்புறம் கண்ணுக்கே படாத இடத்தில் இருக்கும்.

சூடான எஞ்சினில் சின்னக் கசிவு விழுந்த உடனே ஆவியாகிவிடும், தரையில் ஒரு சொட்டும் இருக்காது. அதனால்தான் "கீழே எதுவும் இல்லையே, அப்போ உள்ளேதான் போகுது" என்று முடிவு கட்டுகிறார்கள். இதற்கு பிரஷர் டெஸ்டர் என்று ஒரு கைப்பம்பு உண்டு. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது மூடியைக் கழற்றி அதை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றி, கால்மணி நேரம் விட்டுவிட வேண்டும். முள் இறங்கினால் எங்கேயோ கசிவு. டார்ச் அடித்துத் தேடினால் பெரும்பாலும் கண்ணில் படும். இந்தக் கருவி இல்லாத பட்டறையில் கேஸ்கெட் பற்றிப் பேசவே விடாதீர்கள் என்பது என் கட்சி.

எப்போது சூடேறுகிறது என்பதும் நிறையச் சொல்லும். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைப் பக்கம் ஊர்ந்து போகையிலோ, மாலையில் பாலத்து ஜாமிலோ முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கிவிட்டால், ஃபேன் மோட்டார், அதன் ரிலே, சுவிட்ச் இவற்றைப் பாருங்கள். ஊருக்குள் ஒழுங்காக ஓடிய கார், கோலாலம்பூர் போகும் வழியில் புக்கிட் பெராபிட் ஏற்றத்திலோ மெனோரா சுரங்கப் பக்கமோ மட்டும் சூடேறினால், ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், சூட்டுக்கு ஏற்பத் திறந்து கூலண்ட்டை ஓடவிடும் தெர்மோஸ்டட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், பம்ப் இறக்கை அரித்துப் போயிருக்கலாம், கேஸ்கெட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. தெர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது தீர்வு இல்லை. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

ஒன்றை மட்டும் வீட்டில் காரோட்டும் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். முள் மேலே ஏறிவிட்டுத் திடீரென்று சடாரென இறங்கினால் எஞ்சின் குளிர்ந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. தண்ணீர் மொத்தமும் போய், சென்சாரைச் சுற்றி ஒன்றும் இல்லாததால் முள் பொய் சொல்கிறது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். மூடியைத் தொடாதீர்கள், அரைமணி நேரம் கழித்தும் ஹோஸ் கெட்டியாகச் சூடாக இருந்தால் இன்னும் காத்திருங்கள். அவசரப்பட்டுத் திறந்து முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இணையத்தில் வெள்ளைக்காரர்கள், எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கட்டும் என்று, ஹீட்டரைப் போடச் சொல்வார்கள். நம் ஊர்ப் பழைய கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது, தேடிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

சரி, நிஜமான ஹெட் கேஸ்கெட் விஷயத்துக்கு வருவோம். வீராவின் 4ஜி13, 4ஜி15 போன்ற எஞ்சின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியாது, நடுவில் மாட்டிக்கொண்டு அடிபடுவது கேஸ்கெட். ஒருமுறை மோசமாக ஓவர்ஹீட் ஆன கார் என்றால் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணின ஒரு நிமிடத்திலேயே, எஞ்சின் சூடாவதற்கு முன்பே ஹோஸ் கல்லாட்டம் இறுகுவது, ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வருவது, சூடான பின்னும் புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை நிற்காமல் வருவது, இவை வலுவான அறிகுறிகள்.

ஆனால் ஏமாற்றும் அறிகுறிகளும் இருக்கின்றன. எண்ணெய் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரிப் படிந்திருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். மழைக்காலத்தில் பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் காரில் ஈரம் ஆவியாகாமல் அங்கே அப்படிப் படியும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் எண்ணெய் சுத்தமாக இருந்தால் பதற வேண்டாம். எஞ்சின் பக்கவாட்டில் எண்ணெய் வழிந்து புகைகிறதா? அது பெரும்பாலும் மேலே இருக்கும் வால்வ் கவர் கேஸ்கெட், அதற்கும் ஹெட்டைத் திறப்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஆட்டோ கியர் காரில் ரேடியேட்டருக்குள் இளஞ்சிவப்புப் பால் போலக் கலங்கியிருந்தால் கியர் எண்ணெய்க் கூலர் உள்ளே ஓட்டையாகியிருக்கலாம். அதோடு ஓட்டினால் கியர்பாக்ஸும் சேர்ந்து போகும்.

ஆதாரம் என்று நான் ஒப்புக்கொள்வது இரண்டு மூன்று சோதனைகளைத்தான். ரேடியேட்டர் வாயில் வைக்கும் ஒரு குழாயில் நீலத் திரவம் இருக்கும். எஞ்சின் ஓடும்போது எரிந்த வாயு கூலண்ட்டில் கலந்து வந்தால், பெட்ரோல் எஞ்சினில் அது மஞ்சளாக மாறும். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கும்போது அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் குறைவாகக் காட்டினால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். நீலத் திரவம் மாறவில்லை என்பதாலேயே கேஸ்கெட் நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது, கூலண்ட் எண்ணெய்க்குள் மட்டும் இறங்கும் கசிவை அது பிடிக்காது. இந்தச் சோதனைகளைக் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். செய்ய மறுக்கிறவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கசிவை அடைக்கும் போத்தல் மருந்து, மஞ்சள் தூள், முட்டை வெள்ளை எல்லாம் ரேடியேட்டரின் நல்ல குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். நடுவழியில் வீடு வந்து சேர வேறு வழியில்லை என்றால் மன்னிக்கலாம், அவ்வளவுதான்.

கேஸ்கெட் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஹெட்டைச் சமதளக் கோல் வைத்து அளந்தார்களா, வளைவு இருந்தால் ஸ்கிம் பண்ண, அதாவது அதன் முகத்தைச் சீவிச் சமமாக்க, மெஷின் ஷாப்புக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். ஸ்கிம் பண்ணாமல் புதுக் கேஸ்கெட் மட்டும் போட்டால் சில மாதத்தில் திரும்பி வருவீர்கள். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கட்டம் கட்டமாக, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும், சில எஞ்சின்களில் பழைய போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் புது எண்ணெய் ஊற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு அதையும் கொட்டிவிட்டு மறுபடி மாற்றுவது நல்லது. ஹெட்டில் விரிசலும் இருந்து, காரின் விலையே சில ஆயிரம் வெள்ளிதான் என்றால் ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய காரின்) எஞ்சின் விலையையும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியில் கூலண்ட் நிரப்பும்போது காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேலை நன்றாகச் செய்திருந்தும் சூடேறும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறம் எந்தத் தரத்தையும் குறிப்பதில்லை. காரின் கையேடு சொல்லும் வகையை வாங்கி, கெட்டிக் கூலண்ட் என்றால் காய்ச்சி வடித்த நீரோடு போத்தலில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். வடித்த பழைய கூலண்ட்டை வாசலில் கிண்ணத்தில் விட்டுவைக்கக்கூடாது, லோங்காங்கிலும் (சாக்கடையிலும்) கொட்டக்கூடாது. அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், பூனையும் நாயும் நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செயலிழக்கும். மூடிய போத்தலில் வைத்துப் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.